காலை வெட்டுமுன் ஒரு வார்த்தை!

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கைக்கு எவ்வளவு வேலையோ, காலுக்கும் அவ்வளவு வேலை. மிதியை மிதிக்கக் கால் இல்லையென்றால் தறி நின்றது, அடுப்பும் நின்றது. சாலை விபத்தில் எலும்பும் தோலும் சேர்ந்து சிதைந்தால், 'எடுத்துவிட வேண்டியதுதான்' என்பார்கள் அந்நாளில். 1975-ல் ஆஸ்திரேலிய டாக்டர் இயன் டெய்லர், மற்றொரு காலின் சிற்றெலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்தியதை மருத்துவ இதழில் வெளியிட்டார். மைக்ராஸ்கோப்பின் கீழ், தலைமயிரினும் மெல்லிய இழையால் குழாய்க்குக் குழாய் தையல்! பழைய பாவோடு புதுப்பாவை இழை இழையாகப் பிணைக்கும் நம் நெசவாளிக்கு இதை விளக்கவா வேண்டும்? ரத்தம் ஓடுவதால் அந்த எலும்பு உயிரோடிருக்கும். நாளடைவில் பருத்துப் பாரமும் தாங்கும். தோலையும் இப்படியே மாற்றலாம்.

எல்லாக் கால்களும் பிழைக்கா, உண்மைதான். ஆனால் நாள் கடந்தால் புண் சீழ் பிடித்து, பிழைக்கக்கூடியதும் போய்விடும். உயிருக்கு உடனே ஆபத்தில்லையெனில், வெட்டுமுன் நிபுணருக்கு ஒரு புகைப்படம் அனுப்பிக் கேட்பதை சர்க்கார் ஏன் கட்டாயமாக்கக் கூடாது?