முதுகுன்றில் இட்ட பொன்

எங்கள் ஊராகிய திருமுதுகுன்றத்தில், இன்றைய வழக்கில் விருத்தாசலத்தில், பழமலைநாதரைப் பாடிச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பன்னீராயிரம் பொன் பெற்றார். அப்பொன்னை மணிமுத்தாற்றிலே இட்டுத் திருவாரூர்க் கமலாலயத் திருக்குளத்திலே எடுத்துக்கொண்டார். வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இவ்வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சிறு புன்னகை எழும். ஓர் ஊரில் செலுத்தி மற்றோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் வரைவோலையை நம் பெருமான் அன்றே நடத்திக் காட்டிவிட்டார் அல்லவா!

அவ்வரலாற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். மச்சம் என்பது மாற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்து வைக்கும் சிறு துண்டு. குளத்தில் கிடைத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், மாற்று நேரானது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்னும் திருநாமம் இதனால் வந்ததே.

பொன்னுக்கு உரிய இந்த நியதி குரலுக்கும் உரியது என்பதை எனக்கு உணர்த்தியவர் இருவர். ஒருவர் உலகறிந்த இசைப்பேரறிஞர் எம்.எம். தண்டபாணி தேசிகர். மற்றவர் எங்கள் ஊரில் வாழ்ந்து மறைந்த, பலரும் அறியாத ஓர் இசையாசிரியர்.

தேசிகர் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள், திருவாரூர்ச் சீமையைச் சேர்ந்த திருச்செங்காட்டாங்குடியில் பிறந்தார். சிறுத்தொண்ட நாயனார் வாழ்ந்த திருத்தலம் அது. முத்துசுவாமி தீட்சிதர் பாடிய வாதாபி கணபதியோடு சேர்த்துப் பேசப்படும் ஊரும் அதுவே. தேவாரம் ஓதும் குடும்பம். இளமையில் வீட்டிலேயே திருமுறை பயின்றவர், பின்னர் வயலின் மேதை கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையிடம் சென்று கர்நாடக இசை கற்றார். பண்ணும் ராகமும் ஒரே தொண்டையில் வந்து கூடின.

அவரை நம் தலைமுறையினர் பெரும்பாலும் நந்தனாராகவே அறிவர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த அப்படத்தில், தில்லையைக் காண ஏங்கிய அந்தக் குரலைக் கேட்டுக் கண்ணீர் விடாத பெரியோர் எங்கள் தெருவில் இல்லை. அதற்கு முன்பே பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர் ஆகிய படங்களிலும் அவர் நடித்துப் பாடினார். அருளாளர்களின் வேடங்களே அவரைத் தேடி வந்தன என்பது நாம் நினைந்து போற்றத்தக்கது.

அது தமிழிசை இயக்கம் எழுந்த காலம். 1941-இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்களுக்குக் கடைசியில் சிறிது இடம் தருவதே அந்நாளைய வழக்கம். தேசிகரோ அவற்றை முழு மதிப்போடு பாடினார். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் அவர் தமிழ்ப் பாட்டுப் பாடியது பெரும் சர்ச்சையாயிற்று. அவர் பாடுவதை நிறுத்தவில்லை. தாமே கீர்த்தனைகள் இயற்றினார். பாவேந்தர் பாரதிதாசன் பாடலுக்குத் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தார். 1957-இல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு ‘இசைப்பேரறிஞர்’ பட்டம் வழங்கியது.

இவ்வளவு புகழ் பெற்றவர் பல்லாண்டுகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக அமர்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார் என்பதே, என் சிறிய அறிவுக்கு, அவர் வாழ்வின் உயர்ந்த பகுதியாகத் தோன்றுகிறது. டைகர் வரதாச்சாரியார் போன்ற மேதைகள் ஆசிரியராக இருந்து விளக்கிய இடம் அது. கைதட்டல் மேடையில்தான் உண்டு, வகுப்பறையில் இல்லை. ஒரு மாணவனின் சுருதி சேரும்வரை ஒரே வரியை நூறு முறை கேட்கும் பொறுமை அங்கே வேண்டும்.

அவர் தலைமை ஏற்றிருந்த காலத்தில் அங்கே பயின்றவர்தாம் நான் மேலே குறிப்பிட்ட எங்கள் ஊர் ஆசிரியர். சேத்தியாத்தோப்பு வழியே பேருந்தில் சிதம்பரம் சென்று கற்றதை, அவர் விருத்தாசலத்துக்குக் கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டுத் திண்ணையில் எங்களைப் போன்ற சிறுவர்களை அமர்த்திச் சுருதிப் பெட்டியை எடுப்பார். சொல்லுக்கு முன் அகாரம். அகாரத்துக்கு முன் மௌனமாகச் சுருதியைக் கேட்டல். பதிகத்தைத் தாளமின்றிச் சுத்தாங்கமாக ஓதுவது எப்படி, தாளத்தோடு பண்ணாங்கமாகப் பாடுவது எப்படி என்று பிரித்துக் காட்டுவார். “நாங்கள் எப்போது ஐயா முழுப் பாட்டும் பாடுவது?” என்று ஒருநாள் கேட்டேன். பீங்கான் தொழிற்பேட்டை இருக்கும் திசையைக் கைகாட்டினார். “பச்சை மண் பொம்மையைக் கொலுவில் வைப்பார்களா, தம்பி? முதலில் ஒரு சூளை. மெருகு பூசிய பின் இன்னொரு சூளை. அவசரப்பட்டால் கையோடு உடைந்துவிடும்” என்றார்.

1972-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் தேசிகர் மறைந்தார். 64 வயதுகூட நிறையவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை ஆசிரியர் பாடம் நடத்தவில்லை. சுருதிப் பெட்டியை மட்டும் நெடுநேரம் இசைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் புரியாமல் அமர்ந்திருந்தோம். பிறகு, “போனது உடம்பு. எனக்குக் கொடுத்தது என்னிடம் இருக்கிறது. உங்களிடமும் இருக்க வேண்டும்” என்றார்.

இது புதிய கவலை அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களை நியமித்து நாள்தோறும் நெல் அளந்தான். அத்தோடு விடவில்லை. அவர்களுள் ஒருவர் இறந்தாலும் ஊரைவிட்டுப் போனாலும் அவருடைய நெருங்கிய உறவினர் அவ்விடத்தில் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும் என்று கல்லிலேயே வெட்டி வைத்தான். பாடுவோர்க்குப் படி அளந்ததைவிட, அடுத்துப் பாடுவோர் யார் என்று எண்ணியதே அம்மன்னனின் பெருமை.

நானோ அந்த எண்ணம் இல்லாதவனாக இருந்தேன். படிப்பு, வங்கித் தேர்வு, பணி, ஊர் ஊராக மாற்றல் என்று சுருதியை மறந்தேன். ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது ஆசிரியர் எண்பதைத் தாண்டியிருந்தார். சந்நிதியில் பார்க்கும்போதெல்லாம், “வெள்ளிக்கிழமை வாருங்கள், தம்பி. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்” என்பார். “அடுத்த வாரம் வருகிறேன், ஐயா” என்பேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ஒரு மார்கழி விடியலில் அவர் சிவபதம் அடைந்தார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய துணைவியார் சுருதிப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்து, “உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்” என்றார். 36 ஆண்டுகள் பிறருடைய பணத்தைக் காசு பிசகாமல் காத்தவன் நான். எனக்கென்று ஒருவர் வைத்திருந்த வைப்பைக் கேட்டு வாங்கத் தவறிவிட்டேன்.

“இப்போதுதான் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, தேசிகர் குரலும் கிடைக்கிறதே” என்று என் பேத்தி சொல்கிறாள். உண்மைதான். நானும் நாள்தோறும் கேட்கிறேன். ஆனால் ஒலிப்பதிவு என்பது மச்சம், பொன் அன்று. மாற்றுச் சரியா என்று உரைத்துப் பார்க்க அது வேண்டும். பொன்னோ உயிருள்ள தொண்டையிலிருந்து உயிருள்ள தொண்டைக்குத்தான் போகும். நம் பிழையைக் கேட்டு, “மறுபடி பாடு” என்று சொல்ல இசைத்தட்டால் இயலாது.

சென்ற ஆண்டு முதல் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஐந்து பிள்ளைகள் எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள். என் பேத்தியும் ஒருத்தி. என் குரல் உடைந்த குரல். மேல் ஸ்தாயி எட்டாது. எனக்கு நினைவிருக்கும் சில பதிகங்களை முதலில் ஓதுவார் ஒருவரிடம் பாடிக் காட்டித் திருத்திக்கொண்ட பின்பே அவர்களுக்குச் சொல்கிறேன். மாற்றுக் குறைந்த பொன்தான். ஆயினும் சுந்தரர் அதைக் குளத்தில் எறிந்துவிட்டுப் போகவில்லை. மாற்று நேராகும்வரை பாடினார்.

பெரியோர்களே, உங்கள் நெஞ்சிலும் தாய் சொல்லிக் கொடுத்த ஒரு பதிகமோ, பாட்டனார் பாடிய ஒரு கீர்த்தனையோ இருக்கும். குரல் போய்விட்டதே என்று தயங்காதீர்கள். இந்த வாரமே ஒரு பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு வரியைச் சொல்லிக் கொடுங்கள். நாம் மணிமுத்தாற்றில் இட்டால், கமலாலயத்தில் எடுத்துக் கொடுப்பது ஈசன் பொறுப்பு.

திருச்சிற்றம்பலம்.