கைரேகையின் விலை!

செல்போனைத் திறக்க விரலை வைப்பது இன்று அனிச்சைச் செயலாகிவிட்டது. அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்ய விரல். நியாயவிலைக் கடையில் அரிசி வாங்க விரல். வங்கி முகவரிடம் நூறு ரூபாய் எடுக்க விரல். விரல் போதாத இடத்தில் முகம். எதற்காகக் கேட்கிறார்கள், யாரிடம் போய்ச் சேர்கிறது, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்படிக் கேட்பவரைக் காலத்துக்கு ஒவ்வாதவராகப் பார்க்கும் மனநிலையும் வளர்ந்துவிட்டது. ஆனால், இதே கைரேகையைத் தர மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய வரலாறும் உண்டு. அது நடந்த இடம் கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல்.

ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, சாம்பியன் ரீப், மாரிகுப்பம் என்று விரியும் தங்கவயலின் குடியிருப்புகளில் இன்றும் கணிசமாக வாழ்பவர்கள் தமிழர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் பெரும்பாலானோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை வேலைவாங்கிய ஜான் டெய்லர் நிறுவனம், தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, 1930ஆம் ஆண்டு சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அது நீடித்தது.

கைரேகை என்றால் அன்றைய மக்களின் நினைவுக்கு வந்தது காவல் நிலையம்தான். குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காக 1897இல் கொல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், ரேகை பதிப்பது என்பது சந்தேகத்துக்கு உள்ளானவருக்குரிய நடைமுறையாக இருந்தது. உழைத்துப் பிழைக்க வந்தவரைக் குற்றவாளியின் வரிசையில் நிறுத்துவதா என்ற கேள்வி அந்தப் போராட்டத்துக்குள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த கூட்டம் அது. என்றாலும், ஒருமுறை பதிவேட்டில் ஏறிய ரேகை நாளை யாருக்குப் பயன்படும், யாருக்கு எதிராகப் பயன்படும் என்பதை உணர்ந்துகொள்ள அவர்களுக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

புதிய கருவிகளைக் கண்டு மிரண்டவர்கள் என்று அந்தத் தொழிலாளர்களை ஒதுக்கிவிட முடியாது. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902இலேயே தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரு நகருக்கு மின்விளக்கு வந்தது அதன் பிறகு, 1905இல்தான். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்கு இறங்கிய சாம்பியன் ரீப் சுரங்கம், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. தம் காலத்தின் மிக நவீனமான இயந்திரங்களோடு அன்றாடம் புழங்கியவர்கள்தான் கைரேகை விஷயத்தில் மட்டும் மறுத்து நின்றார்கள். அவர்களின் எதிர்ப்பு கட்டாயத்துக்கு எதிரானது.

இந்த வேறுபாட்டை அதற்கும் முன்பே உலகுக்கு உணர்த்தியவர் மகாத்மா காந்தி. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் அனைவரும் கைரேகையுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1906இல் அவர் தொடங்கிய போராட்டத்தில் தமிழர்கள் முன்வரிசையில் நின்றார்கள். 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் உடன்பாடு ஏற்பட்டதும், தாமாக முன்வந்து கைரேகை தர காந்தியே சம்மதித்தார். நேற்றுவரை கூடாது என்றவர் இன்று தரலாம் என்கிறாரே என்று சினம்கொண்டவர்கள் அவரைத் தாக்கவும் செய்தார்கள். கட்டாயத்தின் பெயரில் கொடுப்பது அடிமைத்தனம், விருப்பத்தின் பெயரில் கொடுப்பது ஒத்துழைப்பு என்பது அவரது நிலை. சட்டம் திரும்பப் பெறப்படாதபோது, அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவுச் சான்றிதழ்கள் ஜோகன்னஸ்பர்க்கில் தீக்கிரையாக்கப்பட்டன. விரல் ஒன்றுதான், அதைக் கேட்கும் முறைதான் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் இந்த எச்சரிக்கை உணர்வு மங்கிப்போனதற்கு அரசின் ஆணைகளைவிடச் சந்தையின் வசீகரமே பெரிய காரணம். 2013இல் ஆப்பிள் நிறுவனம் தனது செல்போனில் கைரேகைப் பூட்டைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனிலும் அது வந்துவிட்டது. ஒரு தலைமுறை அவமதிப்பாகக் கருதியதை இன்னொரு தலைமுறை கூடுதல் வசதியாகக் கருதிக் காசு கொடுத்து வாங்குகிறது. இதைத் தவறென்று சொல்வதற்கில்லை. விரும்பாதவர் விரலுக்குப் பதிலாக எண்களைப் பயன்படுத்தலாம். ரேகையின் கணித வடிவம் அந்தக் கருவிக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகிறது. போனை விற்கும்போது அழித்துவிடவும் முடியும்.

ஆனால், செல்போன் பழக்கிவிட்ட விரல் மற்ற இடங்களிலும் தயங்காமல் நீள்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நியாயவிலைக் கடையின் கருவியில் வைக்கப்படும் விரல், தொலைவில் உள்ள மையத் தரவுத்தளத்தில் சேமித்து வைக்கப்பட்டுள்ள ரேகையுடன் ஒப்பிடப்படுகிறது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் ஒரு சிற்றூரில் முதல் எண் வழங்கித் தொடங்கிய ஆதார் திட்டத்தில், இன்று 130 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அடங்கியுள்ளன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகை களவுபோனால் மாற்றிக்கொள்ள வேறு விரல்கள் கிடையாது. இரண்டு இடத்திலும் செய்கை ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றென்று மக்கள் நம்பிவிடுகிறார்கள்.

இந்த மாற்றத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதற்கு ஆண்டர்சன்பேட்டை போன்ற ஊர்களே சாட்சி. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. அதன்பின் இளைஞர்கள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வதும், இரவு திரும்புவதும் வாழ்க்கை முறையாகிவிட்டன. ஊரில் பகலில் இருப்பவர்களில் பலர் முதியவர்கள். பாறையோடும் இரும்போடும் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருப்பது இயல்பு. முதுமையும் அதை மேலும் மங்கச் செய்யும். அப்படிப்பட்ட விரலைக் கருவி ஏற்க மறுத்தால், செல்போனுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். அந்த எண்ணோ, பெரும்பாலும் ரயிலில் போய்விட்ட மகனிடமோ பேரனிடமோ இருக்கும்.

ஓய்வூதியதாரர்களுக்கான உயிர்வாழ் சான்றிதழைக் கைரேகை மூலம் மின்னணு முறையில் அளிக்கும் வசதி 2014இல் வந்தது. தேய்ந்த ரேகைக்கு மாற்றாக, செல்போன் முன் முகத்தைக் காட்டும் முறை 2021இல் வந்தது. அலுவலகப் படியேறி வரிசையில் நின்ற முதியவருக்கு இது பெரும் நிம்மதி என்பதை மறுக்கக் கூடாது. அதே வேளையில், அந்த வசதிக்கு ஒரு ஸ்மார்ட்போனும் இணைய இணைப்பும், அதை இயக்கிக் காட்ட ஓர் இளையவரும் வேண்டும். வீட்டின் வரவு செலவைத் தன் கையில் வைத்திருந்த பெரியவர், தான் உயிரோடிருப்பதை நிரூபிப்பதற்கே பேரனின் ஓய்வுநேரத்துக்குக் காத்திருக்க நேர்கிறது. குடும்பத்துக்குள் மரியாதையின் இடம் எப்படி மாறுகிறது என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

இளைஞர்களின் நிலை மட்டும் பாதுகாப்பானதா என்றால், அதுவும் இல்லை. இதே கோலார் மாவட்டத்தின் நரசாபுராவில், ஐபோன் தயாரித்துவந்த விஸ்ட்ரான் தொழிற்சாலையில் 2020 டிசம்பர் 12 அன்று பெரும் வன்முறை மூண்டது. ஊதியம் முறையாக வரவில்லை என்பதே தொழிலாளர்களின் மனக்குமுறல். வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், அதன்பின் நடந்த அரசின் ஆய்வில், பணிநேர மாற்றத்தைக் கையாண்டதில் இருந்த குறைகளோடு, வருகைப் பதிவுக் கருவி பழுதாகி இருந்ததும் வெளிவந்தது. கருவி பதிவு செய்யாவிட்டால் உழைத்த நாளும் உழைக்காத நாளாகிவிடுகிறது. உலகமெங்கும் கைரேகையாலும் முகத்தாலும் திறக்கப்படும் செல்போன்களைச் செய்தவர்களுக்கே இந்தக் கதி. அந்த ஆலை 2023இல் டாடா குழுமத்தின் கைக்கு மாறிவிட்டது; அது எழுப்பிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

நாடாளுமன்றம் இந்தப் பிரச்னையில் போதிய அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. ஆதார் சட்டம் 2016இல் நிதி மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. மாநிலங்களவை பரிந்துரைத்த திருத்தங்களை மக்களவை அன்றே நிராகரித்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்டில் அறிவித்தது. 2018 செப்டம்பர் தீர்ப்பு, அரசின் மானியங்களுக்கு ஆதாரை அனுமதித்தது; வங்கிக் கணக்குக்கும் செல்போன் எண்ணுக்கும் அதைக் கட்டாயமாக்கியதை ரத்து செய்தது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குப் பயன் மறுக்கப்படக் கூடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நியாயவிலைக் கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பும் முதியவருக்கு அந்த வரி இன்னும் வந்து சேரவில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது; அதன் விதிகள் வெளிவர 2025 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனியார் நிறுவனங்கள் தகவல் சேகரிக்க ஒப்புதல் பெற வேண்டும் என்று கூறும் அந்தச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசிடமே விட்டுவைத்திருக்கிறது. வேலி போட வேண்டியவரே தனக்கு மட்டும் வாசல் வைத்துக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

ஆதார் இணைப்பால் போலி அட்டைகள் ஒழிந்தன, இடைத்தரகர் ஆதிக்கம் குறைந்தது, புலம்பெயர்ந்த தொழிலாளி எந்த மாநிலத்திலும் ரேஷன் பெற வழி பிறந்தது என்று அரசுத் தரப்பில் கூறப்படுகிறது. இவற்றில் உண்மை இருக்கிறது. பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் பெண், தன் சம்பளத்தைத் தன் செல்போனிலேயே வைத்துக்கொள்ள முடிவதும் சிறிய மாற்றம் அன்று. ஆகவே, கருவிகளை ஒதுக்குவது தீர்வாகாது. கருவி தவறும்போது அதற்கான பொறுப்பை ஏற்பது யார் என்பதுதான் கேள்வி. இன்றைய ஏற்பாட்டில், பிழை கருவியுடையது, பட்டினி மனிதருடையது.

முதலாவதாக, ரேகையோ முகமோ பொருந்தாவிட்டால் பதிவேட்டில் கையொப்பம் பெற்று அன்றே பொருளை வழங்க வேண்டும் என்பது சுற்றறிக்கையாக நின்றுவிடாமல், மீறினால் தண்டனை உள்ள சட்ட விதியாக வேண்டும். இரண்டாவதாக, உயிர்வாழ் சான்றிதழை நேரில் அளிக்கும் பழைய வழியும் தடையின்றித் தொடர வேண்டும். மூன்றாவதாக, கருவியின் பழுதால் தொழிலாளியின் ஊதியம் பிடிக்கப்படக் கூடாது. செயலிவழித் தொழிலாளர்களுக்காக கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம் போன்ற முயற்சிகள் ஆலைத் தொழிலாளருக்கும் விரிவடைய வேண்டும். இவற்றோடு, அரசுக்குத் தரப்பட்டுள்ள விலக்கு எந்த அளவுக்குப் பயன்படுத்தப்படுகிறது என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் ஆராய வேண்டும்.

கேள்வி கேட்டால் அரசு செவிசாய்க்கும் என்பதற்கு அண்மைய உதாரணமும் உண்டு. புதிய செல்போன்கள் அனைத்திலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலி முன்கூட்டியே நிறுவப்பட வேண்டும் என்ற உத்தரவு, நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பால் 2025 டிசம்பரில் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. கையில் செல்போன் வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்துக்குத் தன் கருவியின் மீதிருந்த அக்கறை அது. அதே அக்கறை நியாயவிலைக் கடை வாசலில் நிற்பவரின் விரல் மீதும் திரும்ப வேண்டும்.

ஏடறியாத சுரங்கத் தொழிலாளர்கள் 1930இல் கூலியை இழந்து கேட்ட கேள்வியை, படித்த தலைமுறை ஒரு பொத்தானை அழுத்திக் கடந்துவிடக் கூடாது. ரேகையைக் கொடுப்பது குடிமகனின் விருப்பமாக இருக்கும்வரைதான் அது வசதி. மறுக்க வழியில்லாத இடத்தில், அதற்குப் பெயர் வேறு!