ஓடுதளம் நீண்டுவிட்டது, நாம்?



சென்ற ஞாயிறு மகளை வாகைக்குளம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். சாலையோரம் ஒரு சின்ன லாரியிலிருந்து ஒருவர் மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன. கிட்டே போனால், "சார், நல்லா இருக்கீங்களா?" என்று கும்பிடுகிறான். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன்! "ஏம்ப்பா இங்க கொட்டுத?" என்றேன். "எல்லாரும் இங்கனதான் கொட்டுதாவ சார். வேற எங்க போய்க் கொட்ட?" என்றான்.

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1992-இல் திறந்த நம் விமான நிலையத்தில் 1,350 மீட்டர் ஓடுதளமே இருந்தது. இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. பெரிய விமானங்கள் இறங்கலாம். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஓடுதளம் நீண்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது.

பெரிய ஜெட் விமானம் இறங்கும்போது மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த நேரத்தில் பறவை எஞ்சினுக்குள் புகுந்தால், சமாளிக்க விமானிக்கு உயரமும் கிடையாது, நேரமும் கிடையாது. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் இறங்க வந்த விமானத்தின் மீது பறவைகள் மோதின. சக்கரம் இறங்காமல் வயிற்றால் உரசி ஓடிய அந்த விமானம், ஓடுதளத்தைத் தாண்டி ஒரு கான்கிரீட் மேட்டில் இடித்துத் தீப்பிடித்தது. 181 பேரில் 179 பேர் மாண்டார்கள். அந்த மேடு அங்கே இருந்திருக்கலாமா என்ற கேள்வி தனி. தொடக்கம் பறவைதான்.

பறவையைக் குற்றம் சொல்ல முடியாது. சாப்பாடு கிடக்கும் இடத்துக்கு அது வரத்தான் செய்யும். இலை போட்டு அழைப்பது நாம். அதனால்தான் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பை, இறைச்சிக் கழிவைக் கொட்டக் கூடாது என்கிறது. வாகைக்குளம் மட்டுமல்ல, புதுக்கோட்டையும் அந்த வட்டத்துக்குள்தான்.

அந்தப் பையன் கேட்டதிலும் நியாயம் உண்டு. கறிக்கடை, மீன்கடை, கல்யாண மண்டபக் கழிவுகளை அன்றாடம் வந்து அள்ளிச் செல்ல ஊராட்சிகள் வண்டி விட வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை. அதுவரை குழி தோண்டிப் புதைக்கலாமே! வேலிக்கு உள்ளே அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். வேலிக்கு வெளியே பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

என்னிடம் படித்தவர்களில் கடை வைத்திருப்போர் உண்டு, மண்டபம் நடத்துவோர் உண்டு, ஊராட்சிப் பொறுப்பில் இருப்போரும் உண்டு. துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பொங்கலுக்குப் பறந்து வருவோரும் உண்டு. ஒருவர் கொட்டும் மூட்டை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இன்னொருவரின் உயிருக்கு உலை வைக்கக் கூடாது.

அவன் அன்று மிச்ச மூட்டைகளைத் திரும்ப லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். நாளையும் அப்படியே செய்வான் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்