தும்பையின் வீட்டுக்குத் தரிசு என்று பெயர்

"சும்மா கிடக்கிற இடம்தானே!" இந்த ஒரு பேச்சு போதும், புல்டோசர் வந்துவிடும்.

சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று உண்டா? மழை விழுந்ததும் அங்கே தும்பை முளைக்கிறது. துளசிக் குடும்பத்துச் செடி. அதன் வெள்ளைப் பூவைத் தேடித் தேனீயும் பட்டாம்பூச்சியும் வருகின்றன. ஒரு வருடத்துக்குள் பூத்து, விதை போட்டு, மடிந்துவிடும். அடுத்த வருடத்துச் செடி அந்த விதையில்தான் இருக்கிறது. அதற்கு முன்பே களைக்கொல்லி அடித்து, சிமெண்ட் கல்லும் பதித்துவிட்டால்? கணக்கு முடிந்தது!

மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு தரிசு நில அட்லஸ், நாட்டின் பரப்பில் சுமார் 17 சதவீதத்தைத் தரிசு என்கிறது. புதர் நிலங்களும் அதில் அடக்கம். வருமானம் இல்லாததால் மதிப்பும் இல்லை என்பது என்ன கணக்கு?

வீடே கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சாலையோரத்தையும் ஏரிக்கரையையும் விதை விழும்வரை வெட்டாமல் விட ஒரு பைசா செலவில்லை.

தொல்காப்பியத்தில் போர்த் திணை ஒன்றுக்கே தும்பை என்று பெயர். இன்றும் வேட்டி வெளுப்பாக இருந்தால் 'தும்பைப்பூ மாதிரி' என்கிறார்கள். பேச்சுக்குப் பூ வேண்டும், பூவுக்கு இடம் வேண்டாமா?