பெற்றோர் விருப்பமா, சாதி விருப்பமா?

அரசுப் பள்ளியில் சாதி கையும் களவுமாகப் பிடிபடும்போதெல்லாம் நம் அதிகாரிகள் ஒளிந்துகொள்ள ஒரு திரை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'பெற்றோர் விருப்பம்'. பெற்றோர் விரும்பவில்லையாம், பேசிக்கொண்டிருக்கிறார்களாம், சமாதானப்படுத்துகிறார்களாம். யாரைச் சமாதானப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். இழிவுபடுத்தப்பட்டவரை அல்ல, இழிவுபடுத்தியவரை.

2023 ஆகஸ்ட் 25-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவுபடுத்தப்பட்டது. சில வாரங்களுக்குள் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில், அடுப்பு எரிந்தது, உணவு வெந்தது, பிள்ளைகள் சாப்பிடவில்லை. சமைத்தவர் தலித் பெண். சாப்பிடாதே என்று சொல்லி அனுப்பியது வீடு. பாரதி பிறந்த எட்டயபுரம் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அதற்குப் பக்கத்தில்தான். அமைச்சர் கீதா ஜீவனும் கனிமொழி எம்.பி.யும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லதுதான். ஆனால் காரணம் சாதி அல்ல, ஊருக்குள் ஏதோ பழைய தகராறு என்றும் ஒரு விளக்கம் வந்தது. அப்படியே வைத்துக்கொள்வோம். பெரியவர்களின் தகராறு ஏழு வயதுப் பிள்ளையின் தட்டுக்கு எப்படி வந்தது?

இது ஓர் ஊரின் கதையும் அல்ல. 2018 ஜூலையில் அவிநாசி வட்டாரத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமையலராக வந்தார். சாதி இந்துப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் எதிர்த்தவர்கள் மேல் கை வைக்கவில்லை; சமைக்க வந்தவரை இடமாற்றம் செய்தார்கள்! தலித் அமைப்புகளும் முற்போக்கு இயக்கங்களும் தெருவில் இறங்கிய பிறகே அந்த ஆணை ரத்தானது. மதிய உணவுக்குச் சமையலர்களை நியமிப்பதில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20-இலேயே சொல்லிவிட்டது. பதினான்கு ஆண்டு கழித்தும் ஒரு வட்டார அலுவலகத்தில் ஊர்க்காரர்களின் முணுமுணுப்பு அந்த ஆணையைவிடச் செல்லுபடியாகியிருக்கிறது.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இப்படிப்பட்ட பள்ளி விவகாரங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கிறேன். நூறாண்டு பின்னால் போனாலும் அதே வாதம்தான் நிற்கிறது. காயல்பட்டினத்தில் ரயிலேறி நெல்லையில் வண்டி மாறினால் சேரன்மாதேவி. வ.வே.சு. அய்யரின் தமிழ்க் குருகுலம் அங்கேதான் நடந்தது. பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிச் சாப்பாடு. கேட்டபோது சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? பெற்றோர் விருப்பம்! ஏற்கெனவே சேர்ந்த இருவருக்கும் அது தொடரட்டும், இனிச் சேர்பவர்கள் எல்லோரோடும் உண்ணட்டும் என்பது காந்தியின் சமரசம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதற்கு மசியவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. தமிழ்நாடு காங்கிரஸ் குருகுலத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறது. பொதுப்பணம் வாங்கிய இடத்தில் தனிப்பந்தி எதற்கு?

இந்தக் கேள்வியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். நாமோ நூற்றாண்டு விழாவை வைத்துக்கொண்டு கேள்வியைத் தொலைத்துவிட்டோம். பெரியாரியத் தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டும்: 1925-இல் தனிப்பந்தியால் அவமதிக்கப்பட்ட பார்ப்பனரல்லாத சாதிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தலித் பெண்ணின் சமையலுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சேரன்மாதேவி அவர்களுக்கு வெற்றிக் கதை. அந்த வெற்றியை அடுத்த படிக்கு இறக்கிக் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

அமெரிக்காவிலும் இதே பெற்றோர்கள் இருந்தார்கள். தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்று 1954 மே 17-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி கூட்டாட்சி மார்ஷல்களின் பாதுகாப்போடு பள்ளிக்குள் போனாள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வெளியே இழுத்துப் போனார்கள். அவள் ஆண்டு முழுக்க ஓர் ஆசிரியையோடு தனியாகப் படித்தாள். விஷம் வைப்போம் என்ற மிரட்டலால் வீட்டிலிருந்து கொண்டுபோன உணவைத்தான் சாப்பிட்டாள். வெர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வைப்பதைவிட மேல் என்று 1959-இல் பொதுப்பள்ளிகளையே இழுத்து மூடியது. 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவை திறந்தன. அங்கேயும் கொடுமைகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ரூபியை வேறு பள்ளிக்கு மாற்றிப் பெற்றோரைக் குளிர்விக்கலாம் என்று அந்த மார்ஷல்களுக்கு உத்தரவு வரவில்லை.

நம் ஊரில் மிரட்டல் 'டி.சி.யைக் கொடுங்கள்' என்ற வடிவில் வருகிறது. அது ஏன் பலிக்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பதினைந்து இருபது பிள்ளைகள் உள்ள தொடக்கப்பள்ளியில் ஏழெட்டுப் பேர் விலகினால் பள்ளியே ஆட்டம் காணும். தலைமையாசிரியரின் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை அவர் தலையில் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் துறைதான் குற்றவாளி.

சமையலை எங்கோ ஒரு பொதுக்கூடத்தில் முடித்து வண்டியில் அனுப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். யார் சமைத்தது என்று தெரியாவிட்டால் சண்டை வராதாம். தலித் பெண்ணைக் கண்ணுக்கு மறைத்துவிட்டால் சாதி ஒழிந்ததாகக் கணக்கு! எங்கள் காயல்பட்டினத்துக் களறி விருந்தில் ஒரே சஹனில் சிலர் சேர்ந்து கைவைத்துச் சாப்பிடுவார்கள். இதைச் சொல்வது ஊர்ப் பெருமைக்காக அல்ல. எங்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பழக்கினால் பிள்ளைகளுக்கு எந்தப் பந்தியும் பழகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2024 ஜூனில் நீதியரசர் சந்துரு குழு அறிக்கை தந்தபோது ஊரெல்லாம் மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியே பேசியது. கயிற்றைக் கழற்றச் சொல்வது சரி. அதைக் கட்டி அனுப்புகிற வீட்டை யார் கேட்பது? சமூகப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சமையலரின் சாதிக்காகப் பிள்ளைகளைத் தடுப்பதை ஏன் அந்தக் கண்ணோடு விசாரிக்கக் கூடாது?

அரசு ஓர் ஆணை போடட்டும். பெற்றோர் எதிர்ப்பைக் காரணம் காட்டி எந்தச் சமையலரையும் மாற்றக் கூடாது. அந்தக் காரணத்துக்காக விலகும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து எந்தப் பள்ளியையும் மூடக் கூடாது, இணைக்கக் கூடாது. டி.சி. கேட்டு வருபவர் தன் காரணத்தை விண்ணப்பத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் ஒரு படி அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போக வேண்டும்.