வண்டியில் கை வைத்தால் வாரண்டி போய்விடுமா?

சித்தேரி மலையில் டிராக்டரோ சிறு சரக்கு வண்டியோ வாங்கும் விவசாயி அதைக் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருப்பது அபூர்வம். மரவள்ளிப் பாரத்தோடு மலைப்பாதையில் இறங்க வேண்டுமே என்று ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போடுகிறார். வளைவுகளில் வெளிச்சம் போதவில்லை என்று முன்னால் இரண்டு விளக்கு கட்டுகிறார். டிராக்டருக்குக் கூரை, கனத்த கொக்கி, சேற்றுக்குக் கேஜ் வீல் என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது. நகரத்துப் பையன்கள் காரை அலங்கரிப்பது போன்ற ஆடம்பரம் அல்ல இது. சமவெளிக்குச் செய்த வண்டியை மலைக்கு ஏற்றதாக்கும் வேலை.

வம்பு பிறகுதான் வருகிறது. வாங்கி ஆறு மாதத்தில் கியர் பெட்டியில் சத்தம் கேட்கிறது என்று வைத்துக் கொள்வோம். விவசாயி ஒரு நாள் வேலையை விட்டு, டீசலையும் செலவழித்து, அரூருக்கோ தர்மபுரிக்கோ வண்டியை இறக்கிக் கொண்டு போகிறார். சர்வீஸ் மேற்பார்வையாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். கியர் பெட்டியை அவர் இன்னும் திறக்கவில்லை. முன்னால் கட்டிய விளக்கு கண்ணில் படுகிறது. "வெளியில் கை வைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. கியர் பெட்டிச் செலவு பல ஆயிரம் ரூபாய். உழவுப் பருவம் ஒரு பக்கம் போகிறது, வங்கித் தவணை மறு பக்கம் நிற்கிறது. படிக்காதவர் என்று தெரிந்தால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும்.

விளக்குக்கும் கியர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? விவசாயி கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வண்டியில் ஒரு மாற்றம் இருக்கிறது என்பது ஒரு சங்கதி. அந்த மாற்றத்தால்தான் இந்தப் பழுது வந்தது என்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, முழு வாரண்டியையும் ஒரே வார்த்தையில் அடித்துவிடுவது நியாயம் ஆகாது.

டீலர் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். வாரண்டியில் மாற்றும் பாகத்துக்கும் கூலிக்கும் டீலருக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. பழைய பாகத்தையும் விவரத்தையும் அனுப்பி, கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பணம் வரும். தள்ளிவிட்டால் நஷ்டம் டீலர் தலையில். ஆகவே சந்தேகம் வந்தால் முதலிலேயே மறுத்துவிடுவது அவருக்குச் சௌகரியம். ஆனால் டீலருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு வழக்குக்கு விவசாயி பொறுப்பாளி அல்ல. வண்டிக்கு அவர் முழுப் பணமும் கொடுத்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கூடுதல் சாமான்களில் சிலவற்றை விற்பனை நாளன்றே டீலர் கடையில்தான் மாட்டிக் கொடுக்கிறார்கள். கூரை, பம்பர், விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி வாங்கிக் கொள்கிறார்கள். பில்லில் வண்டி விலை மட்டும் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே கடையின் சர்வீஸ் பிரிவு அதே விளக்கை "வெளி மாற்றம்" என்கிறது. விற்பவர் ஒருவர், பழுது பார்ப்பவர் ஒருவர். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஆகவே வண்டி எடுக்கும் நாளில் மாட்டிய ஒவ்வொரு சாமானும் பில்லில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இனி, எந்த மாற்றம் உண்மையிலேயே வாரண்டியைக் கெடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இழுவை போதவில்லை என்று டீசல் பம்பின் முத்திரையை உடைத்துத் திருகாணியைத் திருகுவது முதல் குற்றம். டீசல் அதிகமாகப் போய், கரும்புகை கக்கி, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் வரை கெடும். அப்போது எஞ்சினுக்கு வாரண்டி கேட்டு நிற்பதில் பலன் இல்லை. இரண்டாவது, வயரிங். கம்பெனி வயரை நடுவில் அறுத்து, பியூஸ் இல்லாமல் விளக்குக்கு இழுத்துவிட்டால், பேட்டரியும் டைனமோவும் கெடும்போது கம்பெனி மறுப்பதில் நியாயம் உண்டு. தனி ரிலேயும் பியூஸும் போட்டு இழுத்த விளக்கு வேறு. அறுத்து முறுக்கி டேப் சுற்றிய விளக்கு வேறு. மூன்றாவது, ஸ்பிரிங் பட்டை. கூடுதல் பட்டை போட்டுக் கூடுதல் பாரம் ஏற்றினால் அந்தச் சுமை அச்சுக்கும் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் போகிறது. மலை இறக்கத்தில் இது வாரண்டியோடு நிற்கிற விஷயம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. குதிரைத்திறன் குறைந்த டிராக்டரில் அகலமான ரோட்டாவேட்டரை மாட்டி ஓட்டுவதும் இந்த வகைதான். ஆனால் பம்பைத் திருகியவருக்குக்கூட, அதனோடு தொடர்பில்லாத ஸ்டியரிங் பழுதுக்கு வாரண்டி கேட்க நியாயம் இருக்கிறது.

கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பில்டர், பெல்ட் போன்ற தேயும் பாகங்களுக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. அதில் சண்டை போட்டுப் பயன் இல்லை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனியே தனி உத்தரவாதம் கொடுப்பது வழக்கம். வண்டி டீலர் கைவிரித்தால் அந்தக் கம்பெனியின் ஏஜெண்டிடம் போக வேண்டும்.

தொடர்பு இருந்தால்தான் மறுக்கலாம் என்பது விவசாயிகள் மட்டும் பேசுகிற நியாயம் அல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் 14 கார் கம்பெனிகள் மீது ஓர் உத்தரவு போட்டது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த உத்தரவில், வெளிப் பட்டறையில் வேலை பார்த்தாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் எவ்வளவு கேடு வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீடு போயின. இது கார்களைப் பற்றிய வழக்கு, டிராக்டரைப் பற்றியது அல்ல என்பதும் உண்மை. ஆனாலும் காருக்கு ஒரு நியாயம், உழவனின் டிராக்டருக்கு வேறு நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1975லேயே வாரண்டிச் சட்டம் ஒன்று வந்தது. எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், இல்லையேல் வாரண்டி இல்லை என்று கம்பெனி நிர்ப்பந்திப்பதை அது தடுக்கிறது. அந்நாட்டின் கொலராடோ மாநிலம் 2023ல் விவசாய இயந்திரங்களை விவசாயியே பழுது பார்த்துக் கொள்ளும் உரிமைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கி, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. அதைச் சட்டமாக்கினால்தான் மலைமேல் இருப்பவனுக்குப் பயன்.

மாற்றம் செய்கிறவருக்கு எதிராகச் சட்டம் நிற்கும் இடங்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு உண்டு என்று சேர்த்தார்கள். நுகர்வோர் சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. பொருளின் குறையால் ஆளுக்கோ உடைமைக்கோ கேடு வந்து நஷ்டஈடு கேட்கும்போது, அந்தச் சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மீது அந்த வகை வழக்குச் செல்லாது என்று 87ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பெரிய மாற்றம் எதுவானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுச் செய்வதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவிப்பதும் நல்லது.

டீலரிடம் வாய்வார்த்தையால் ஒன்றும் நடக்காது. மலையிலிருந்து இறங்கிப் போகிறவர் காகிதத்தோடு போக வேண்டும். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் என்ன பழுது, மீட்டரில் எத்தனை மணி அல்லது எத்தனை கிலோமீட்டர் என்று எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். வாரண்டி இல்லை என்றால், "எந்த மாற்றத்தால், எந்தப் பாகம், எப்படிக் கெட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். வாயால் எளிதாகச் சொல்லும் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் பாதிப் பேர் கியர் பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எழுதித் தர மறுத்தால், பதிவுத் தபாலில் டீலருக்கும் கம்பெனிக்கும் கடிதம் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கழற்றிய பாகத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. முடிந்தால் படம் எடுத்து வைக்க வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறையில் எண்ணெய் மாற்றியதற்கும் இதே கதை. ஒவ்வொரு முறையும் மலையிறங்கிப் போக முடியாமல் ஊரிலேயே மாற்றிக் கொள்கிறார்கள். கேட்டால் காட்ட ஒரு சீட்டும் இருக்காது. கம்பெனி புத்தகத்தில் சொன்ன அதே தரத்து எண்ணெய் வாங்கிய பில், மாற்றிய தேதி, மணிக் கணக்கு, பட்டறைக்காரர் கையெழுத்து ஆகியவை ஒரு நோட்டில் இருந்தால் வாதாட ஏதாவது இருக்கும். இலவச சர்வீஸ் கூப்பன்களை மட்டும் தவற விடாமல் டீலரிடமே செய்து கொள்வது புத்திசாலித்தனம்.

அப்படியும் முடியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேல் தர்மபுரியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, கம்பெனி எங்கே இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதின் காரணம் விவாதத்துக்கு உரியது என்றால், தக்க பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கு ஐந்து மாதத்தில் முடியலாம் என்பது சட்டத்தின் ஆசை. நடப்பில் இழுக்கத்தான் செய்யும். பாகத்தை மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்டஈடு கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் இருக்கிறது.

"டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறார், இது வியாபாரம், இவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த் தரப்பு வாதாடுவதும் உண்டு. இதற்குப் பயப்பட வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1995ல் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரச்னையை விரிவாக ஆராய்ந்தது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் தன் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்பது அதில் தெளிவாக்கப்பட்டது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பக்கத்துக் காட்டையும் உழுது கொடுக்கும் சிறு விவசாயிக்கு இது பொருந்தும். மூன்று டிராக்டர் வாங்கி டிரைவர் வைத்து ஓட்டுகிறவர் பாடு வேறு.

இவ்வளவையும் விவசாயி தலையிலேயே கட்டிவிட்டுக் கம்பெனிகள் ஒதுங்குவது சரியல்ல. வாரண்டிப் புத்தகம் பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்தச் சாமானை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது, மலைப்பாதைக்கு எந்த ஸ்பிரிங் ஏற்றது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? சித்தேரி போன்ற மலைகளுக்கு உழவுப் பருவத்துக்கு முன் ஒரு நாள் மெக்கானிக்கை ஏற்றி அனுப்பி முகாம் நடத்தினால், பட்டறைச் சண்டை பாதி குறையும். அரசு மானியத்தில் பவர் டில்லரும் டிராக்டரும் கொடுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை இதைக் கண்டிப்பாகக் கேட்கலாம். மானியப் பட்டியலில் தங்கள் இயந்திரம் இடம்பெற வேண்டும் என்று வருகிற கம்பெனிகளிடம், தமிழில் வாரண்டிப் புத்தகம், மலையில் ஆண்டுக்கு இரண்டு சர்வீஸ் முகாம், வாரண்டியை மறுத்தால் காரணம் எழுத்தில் என்ற மூன்றையும் நிபந்தனையாகப் போட்டால், கம்பெனிகள் மறுக்க இடம் இருக்காது. வரும் ஆண்டுக்குரிய பட்டியல் தயாராகும்போதே, விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மலை விவசாயிகள் இதை மனுவாக எழுதிக் கலெக்டரிடம் கொடுக்கலாம்.