பணம் போட்டவருக்குப் பங்கு உண்டா?

கேட்டது 4 லட்சம் டாலர். வந்து குவிந்தது 33 லட்சம் டாலர்!

கொடுத்தவர்கள் பெரிய முதலாளிகள் அல்ல. வீடியோ விளையாட்டில் ஆசை கொண்ட சாதாரண மக்கள். 87 ஆயிரம் பேருக்கு மேல் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

இது நடந்தது அமெரிக்காவில், 2012-ம் ஆண்டு. சான்பிரான்சிஸ்கோ நகரில் டபுள் ஃபைன் என்று ஒரு கம்பெனி. அதை நடத்தியவர் டிம் ஷேஃபர். பழைய பாணியில் கதை சொல்லும் விளையாட்டு ஒன்றைச் செய்ய அவர் விரும்பினார். அந்த மாதிரி விளையாட்டுக்குப் பெரிய கம்பெனிகள் பணம் தரத் தயங்கிய காலம் அது. ஆகவே, விளையாடப் போகிறவர்களிடமே கேட்டுப் பார்த்தார். ஒரே நாளில் 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது.

ஊர் கூடித் தேர் இழுத்தது. தேரும் நகர்ந்தது. 2014-ல் விளையாட்டின் முதல் பாதியும், 2015-ல் மறு பாதியும் வெளிவந்தன.

சரி, விளையாட்டு விற்றதே, அந்த லாபத்தில் பணம் கொடுத்த 87 ஆயிரம் பேருக்குப் பங்கு உண்டா?

இல்லை. ஒரு காசுகூட இல்லை!

ஏமாற்றமா?

இது மோசடியா என்றால், இல்லை.

அந்தப் பணம் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தின் மூலம் திரட்டப்பட்டது. அங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. பணம் கேட்பவர் ஒரு தொகையைக் குறிப்பிட வேண்டும். அந்தத் தொகை சேராவிட்டால் யாரிடமும் பணம் வாங்கப்படாது. சேர்ந்துவிட்டால், கொடுத்தவருக்கு ஒரு பரிசு கிடைக்கும். பெரும்பாலும் அந்த விளையாட்டின் பிரதியே பரிசு. லாபத்தில் பங்கு தருகிறோம் என்று சொல்ல அங்கே அனுமதி கிடையாது.

அதாவது, செக்கு ஆடுவதற்கு முன்பே எண்ணெய்க்குக் காசு கொடுப்பது போல! எண்ணெய் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். செக்கில் பங்கு கேட்க முடியாது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், கொடுத்தவர் மனம் கேட்கிறதா?

2012-ம் ஆண்டு ஆக்குலஸ் என்ற கம்பெனியும் இதே முறையில் பணம் கேட்டது. கண்ணில் மாட்டிக்கொண்டு விளையாடும் கருவி ஒன்றைச் செய்வதற்காக 9 ஆயிரத்துக்கும் அதிகமான பேர் 24 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 2014 மார்ச்சில் ஃபேஸ்புக் கம்பெனி ஆக்குலசை வாங்குவதாக அறிவித்தது. விலை எவ்வளவு? 200 கோடி டாலர்!

முதலில் கை கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு இல்லை. "எங்கள் பணத்தில்தானே இது வளர்ந்தது?" என்று பலர் கொதித்தார்கள். பின்னர், 2016-ல், கருவியைப் பெறும் அளவுக்குப் பணம் கொடுத்திருந்தவர்களுக்குப் புதிய கருவி ஒன்று இலவசமாகத் தரப்பட்டது. அதோடு சரி.

சட்டம் குறுக்கே நின்றது

லாபத்தில் பங்கு கொடுத்தால் என்ன? ஏன் கொடுக்கவில்லை?

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. எண்ணற்ற குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதன் பிறகு, 1933-ல் ஒரு சட்டம் வந்தது. பொதுமக்களிடம் பங்கு விற்பவர், தம் கணக்கு வழக்கையும் ஆபத்துகளையும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். சின்னக் கம்பெனிகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படி ஆகவில்லை.

பல ஆண்டுகள் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது. 2012 ஏப்ரலில் ஜனாதிபதி ஒபாமா ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதையொட்டி 2015-லும் 2016-லும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. சின்னக் கம்பெனிகளும் சாதாரண மக்களிடம் முதலீடு கேட்கலாம் என்று ஆயிற்று. மக்கள் அளவுக்கு மீறிப் பணத்தைக் கொட்டிவிடாதபடி வரம்பும் வைத்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான், 2015 ஆகஸ்டில், ஃபிக் என்ற இணையதளம் பிறந்தது. டபுள் ஃபைன் கம்பெனியில் வேலை பார்த்த ஜஸ்டின் பெய்லி அதைத் தொடங்கினார். ஷேஃபர் உள்படப் பெயர் பெற்ற மூன்று விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் ஆலோசகர்களாக நின்றார்கள்.

ஃபிக் தளத்தில் இரண்டு வாசல். ஒன்று, பணம் கொடுத்து விளையாட்டைப் பெறுவது. மற்றொன்று, பணம் போட்டு வருமானத்தில் பங்கு பெறுவது. தொடக்கத்தில் இரண்டாவது வாசல் பணக்காரர்களுக்கு மட்டுமே. ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வருமானம், அல்லது குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலர் சொத்து இருக்க வேண்டும். பின்னர், அரசாங்கத்தின் ஒப்புதலோடு, மற்றவர்களுக்கும் திறந்தார்கள்.

களத்தில் நெல் அளப்பது போல

வருமானத்தில் பங்கு என்றால் என்ன? கிராமத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. குவியலைப் பார்த்தால் கண் நிறைகிறது. ஆனால், அறுத்தவருக்குக் கூலி அளக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு வாரம் அளக்க வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் இருக்கிறது. எல்லாம் போக மீதிதான் வீட்டுக்கு வரும். யாருடைய மரக்கால் முதலில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

வீடியோ விளையாட்டிலும் இப்படித்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் பெரிய இணையக் கடை ஸ்டீம். விற்பனையில் 100-க்கு 30 அதன் கமிஷன். 10 லட்சம் டாலரைப் போல் பத்து மடங்கு, அதாவது ஒரு கோடி டாலர் விற்பனையைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு மட்டும் 2018 முதல் கமிஷனைக் குறைத்தது.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விளையாட்டு ஒரு லட்சம் டாலருக்கு விற்றது. கடைக்கு 30 ஆயிரம் போயிற்று. மீதி 70 ஆயிரம். அதில் பாதி விளையாட்டைச் செய்தவர்களுக்கு. மறு பாதி, பணம் திரட்டிய கம்பெனிக்கு. அதாவது 35 ஆயிரம். அந்தக் கம்பெனி தன் பங்காக 5 ஆயிரம் எடுத்துக்கொள்கிறது. முதல் போட்டவர்களுக்கு மிஞ்சியது 30 ஆயிரம். அவர்கள் போட்டதோ 60 ஆயிரம்!

"ஒரு லட்சம் டாலர் விற்பனை" என்று ஊரெல்லாம் பேச்சு. போட்டவர் கைக்கு வந்ததோ பாதி முதல்தான். இன்னும் ஒரு லட்சத்துக்கு விற்றால் முதல் திரும்பும். அதற்கு மேல் விற்றால்தான் லாபம்.

இன்னொன்றும் உண்டு. ஃபிக் விற்ற பங்கு, விளையாட்டைச் செய்த கம்பெனியின் பங்கு அல்ல. அது ஃபிக் நிறுவனத்தின் ஒரு வகைப் பங்கு. குறிப்பிட்ட விளையாட்டின் வருமானத்தை ஒட்டி அதற்கு ஈவுத்தொகை வரும். விளையாட்டு என் சொத்து என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் சந்தையில் சட்டென்று விற்றுவிடவும் முடியாது.

ஒரே கம்பெனி, இரண்டு முடிவுகள்

கலிபோர்னியாவில் அப்சிடியன் என்று ஒரு கம்பெனி. 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் கேட்டது. 74 ஆயிரம் பேர் சுமார் 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். "பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி" என்ற அந்த விளையாட்டு 2015-ல் வெளிவந்தது. நன்றாக விற்றது. கொடுத்தவர்களுக்கு விளையாட்டு கிடைத்தது. லாபப் பங்கு கிடையாது.

2017-ல் இரண்டாம் பாகத்துக்கு ஃபிக் வழியாகப் பணம் கேட்டார்கள். இந்தத் தடவை பங்கும் உண்டு. 44 லட்சம் டாலர் சேர்ந்தது. அதில் சுமார் பாதி, பங்குக்காக வந்த பணம். முதல் பாகம் ஓடியதே, இரண்டாம் பாகம் ஓடாதா என்ற நம்பிக்கை!

2018 மே மாதம் விளையாட்டு வந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால், விற்பனை சோர்ந்துவிட்டது. முதல் பாகத்தைவிடக் குறைவாக விற்றது ஏன் என்று தமக்கே விளங்கவில்லை என்று அதை இயக்கியவரே 2019-ல் சொன்னார்.

பங்கு இல்லாத முதல் பாகம் ஓடியது. பங்கு உள்ள இரண்டாம் பாகம் தடுமாறியது. அனுபவசாலிகளுக்கே கணக்குத் தப்பும் தொழில் இது.

இரண்டு வாசல், இரண்டு மனம்

பங்கு கொடுப்பதால் இன்னொரு சங்கடமும் வந்தது.

"பீனிக்ஸ் பாயிண்ட்" என்ற விளையாட்டுக்காக 2017-ல் ஃபிக் வழியாக 7 லட்சத்து 65 ஆயிரம் டாலர் திரட்டினார்கள். பணம் கொடுத்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான கடையில் விளையாட்டைப் பெறலாம் என்று காத்திருந்தார்கள். 2019 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. முதல் ஓர் ஆண்டு எபிக் என்ற கடையில் மட்டுமே விற்பனை! அதற்காக எபிக் பெரும் தொகை தர ஒப்புக்கொண்டது.

விளையாட வந்தவர்கள் கோபப்பட்டார்கள். பலர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கம்பெனியும் திருப்பித் தர முன்வந்தது. ஆனால், பங்குக்காகப் பணம் போட்டவர்களோ? விளையாட்டு வெளிவரும் முன்பே, போட்டதற்கு மேல் கிடைக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஒரே செய்தி. ஒருவருக்குக் கசப்பு, மற்றொருவருக்கு இனிப்பு.

பிள்ளைகள் விளையாடும் பொருளில் பங்குதாரர் புகுந்தால், பொருளின் நன்மை ஒரு பக்கம் இழுக்கும். பணத்தின் நன்மை மறு பக்கம் இழுக்கும். இதை முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

நியாயம் எது?

"ஸ்டார் சிட்டிசன்" என்ற விளையாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். 2012-ல் பணம் திரட்டத் தொடங்கினார்கள். 2018 முடிவதற்குள் 20 கோடி டாலருக்கு மேல் மக்கள் கொடுத்துவிட்டார்கள். விளையாட்டு அப்போதும் முழுமையாக வெளிவரவில்லை. ஒரு பணக்காரக் குடும்பத்தாரிடமிருந்து 4 கோடியே 60 லட்சம் டாலர் முதலீடு வந்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்குக் கம்பெனியில் சுமார் 10-ல் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது.

20 கோடி கொடுத்த மக்களுக்குப் பங்கு பூஜ்யம். 4 கோடியே 60 லட்சம் கொடுத்தவருக்குப் பத்தில் ஒன்று!

சட்டப்படி இது சரியே. அவரவர் ஒப்பந்தம் அவரவருக்கு. ஆனால், பணக்காரர் பணம் கொடுக்கும் முன் "எனக்கு என்ன பங்கு?" என்று கேட்டார். வக்கீலை வைத்துப் பத்திரம் எழுதினார். சாதாரண மனிதரோ ஆசையில் கொடுத்தார்.

ஆசையில் கொடுப்பது குற்றம் அல்ல. பதினைந்து டாலர் கொடுத்து, நல்ல விளையாட்டு ஒன்று உருவாக உதவினோம் என்று மகிழ்வது ஒரு நல்ல காரியமே. அந்தப் பணம் திரும்பாவிட்டாலும் குடும்பம் தாங்கும். ஆனால், லாபம் வரும் என்று நம்பிச் சேமிப்பை எடுத்துப் போடுவது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாக நினைத்தால்தான் துன்பம்.

ஆகவே, பணம் கேட்பவர்களுக்குக் கடமை உண்டு. இது பரிசா, பங்கா என்பதை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். நூறு பக்கப் பத்திரத்தின் நடுவில் பொடி எழுத்தில் ஆபத்தை எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் வண்ணப்படம் போடுவது நியாயம் அல்ல.

பணம் போடுபவருக்கும் கடமை உண்டு. ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். எனக்கு வருவது பொருளா, பங்கா? பங்கு என்றால் மொத்த விற்பனையிலா, செலவு போக மீந்த லாபத்திலா? எனக்கு முன்னால் யார் யார் எடுத்துக்கொள்கிறார்கள்? எத்தனை ஆண்டு வரை பங்கு வரும்? கம்பெனியை வேறு ஒருவர் வாங்கிவிட்டால் என் கதி என்ன?

கடைசிக் கேள்வி வெறும் கற்பனை அல்ல. டபுள் ஃபைன் கம்பெனியை 2019-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. பணம் திரட்டிய ஃபிக் நிறுவனத்தையே 2020-ல் ரிபப்ளிக் என்ற மற்றொரு நிறுவனம் வாங்கியது. கை மாறும் போதெல்லாம், முதல் போட்டவருக்குத் துணை நிற்பது அவர் வாங்கி வைத்த எழுத்து மட்டுமே.

விரலால் தொட்டுப் பணத்தை அனுப்ப ஒரு நிமிடம் போதும். பத்திரத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். புரியாத இடத்தைப் படித்தவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாள் பொறுத்தவருடைய பணம் அவர் வீட்டிலேயே இருக்கும். போட்டால், தெரிந்து போட்டதாக இருக்கும்.